பின்சக்கரத்துக்கு மேலே இருந்த எண்

எங்கள் வீட்டுக்கு அந்த ஜப்பான் வண்டி வந்த அன்று நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குத்தான் பின்னால் வட்டியோடு பயந்தேன் என்று இப்போதும் தோன்றுகிறது. மதுரை கே.கே. நகரில் எங்கள் வாசலில் வந்து நின்ற குட்டி லாரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதில் நாம் போவதா, இதை நாம் தூக்கிக்கொண்டு போவதா என்று கணவரைக் கேட்டேன். எதிர்வீட்டுக்காரர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர், "என்னண்ணே, இது வளருமா?" என்று அங்கிருந்தே கேட்டார். கணவர் வண்டியின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் சமையல் காண்ட்ராக்டர். கல்யாணம், வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம் என்று எங்களுக்கு வரும் ஆர்டரில் முக்கால்வாசி மகாலைச் சுற்றியுள்ள சந்துகளிலிருந்துதான். எங்கள் சௌராஷ்டிர ஜனம் அங்கேதான் அதிகம். அந்தச் சந்துகளில் ஆட்டோ வந்தாலே எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். வழக்கமான லோடு வண்டி தெருமுனையிலேயே நின்றுவிடும். அங்கிருந்து சாம்பார் அண்டாவை இரண்டு பேர் கம்பு கொடுத்துத் தூக்கிப் போக வேண்டும். ஒரு நிச்சயதார்த்தத்தில் அண்டா சாய்ந்து, பாதிச் சாம்பார் சாக்கடைக்குப் போயிற்று. அன்றிலிருந்தே அவருக்குக் குறுகலான வண்டி ஒன்றின் மேல் கிறுக்கு.

இந்த வண்டியை, வடக்கே தொழிற்சாலை வைத்திருந்த ஒரு ஜப்பான் கம்பெனி தன் இயந்திரங்களோடு கப்பலில் இறக்கியிருந்தது. முறைப்படி சுங்கம் கட்டி, அந்த மாநிலத்திலேயே பதிவும் செய்திருந்தார்கள். கம்பெனி மூடியபோது வண்டி விலைக்கு வந்தது. ஜப்பானிலும் நம்மைப் போலவே ஸ்டியரிங் வலது பக்கம்தான் என்பதால் மாற்ற வேண்டியது ஒன்றுமில்லை. கதவின் உட்புறத்தில் ஜப்பான் எழுத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் இருந்தது. அது என்ன எச்சரிக்கை என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. பாக்கி இருந்த ஒரே வேலை, ஒரு வருடத்துக்குள் தமிழ்நாட்டு நம்பருக்கு மாற்றுவது. அங்கிருந்து ஆட்சேபணை இல்லை என்ற தாளும் வந்துவிட்டது. இங்கே பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அதற்கும் தேதி கிடைத்தது.

இந்த இடத்தில்தான் நான் மூக்கை நுழைத்தேன்.

ஆயுத பூஜைக்கு நான்கு நாள் இருந்தது. கணவர் ஒரு கல்யாணச் சமையலுக்குப் பரமக்குடி போயிருந்தார். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டுக்கு வெள்ளையடிப்பதில்லையா, அதுபோல இன்ஸ்பெக்டர் பார்க்கும்போது வண்டி பளிச்சென்று இருக்கட்டும், பூஜைக்கும் ஆயிற்று என்று நினைத்தேன். என் தம்பியை விட்டு வண்டியை ஒத்தக்கடையில் ஒரு பட்டறைக்கு எடுத்துப் போகச் சொல்லி, நானும் கூடவே போனேன். பெயிண்டர் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, பின்னாடி சட்டமெல்லாம் துருப்புடிச்சுக் கெடக்கு. மெஷினப் போட்டு நல்லாத் தேய்ச்சு, பட்டி பார்த்து அடிச்சுரவா?" என்று கேட்டார்.

"அடிங்கண்ணே. ஒரு பொட்டுத் துரு இருக்கக் கூடாது" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் கணவர் வந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு, பாராட்டு வாங்கத் தயாராக வாசலில் நின்றேன். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்து வந்து, "நன்றாக இருக்கிறது" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். மூன்று நாள் அடுப்பில் நின்ற களைப்பு என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாள், தாள்களைச் சரிபார்க்க எங்கள் புரோக்கர் வீட்டுக்கு வந்தார். ஆர்.டி.ஓ. வேலைகளை முடித்துக் கொடுப்பவர், எங்களுக்குப் பழக்கமானவர். கணவர் மார்க்கெட்டுக்குப் போயிருந்ததால் நான்தான் காப்பி கொடுத்துப் பேசினேன். தொழிற்சாலையிலேயே வெட்டி அனுப்பும் சேஸிஸ் நம்பரின் மேல் டேப்பை ஒட்டி, பென்சிலால் தேய்த்து எடுத்து, அந்தப் பென்சில் பிரிண்டைப் பாரத்தில் ஒட்ட வேண்டும் என்றார். இந்த வண்டியின் நம்பர் நம் ஊர் வண்டிகளின் நம்பரைப் போல நீளமாக இருக்காதாம். ஜப்பானில் ஓட்டுவதற்கென்று செய்தது, ஆகவே குட்டையான நம்பர். பார்த்த உடனே இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் வரும், அதனால் வண்டியில் உள்ளதும் தாளில் உள்ளதும் அச்சாக ஒத்துப்போக வேண்டும் என்றார்.

நம்பர் வண்டியில் எங்கே இருக்கும் என்று சும்மா கேட்டேன்.

"வலது பக்கப் பின்சக்கரத்துக்கு மேல, சட்டத்துல வெட்டியிருக்கும்க்கா."

காப்பி டம்ளரை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து, அந்த நம்பர் கொஞ்சம் அழிந்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"அழிஞ்சிருந்தா அது ஆர்.டி.ஓ. கேஸ் இல்லக்கா, போலீஸ் கேஸ். திருட்டு வண்டின்னுதான் மொதல்ல நினைப்பாங்க. வண்டி யாரு பேர்ல இருக்கோ அவரத்தான் தூக்குவாங்க."

வண்டி என் கணவர் பேரில் இருந்தது.

புரோக்கர் போனதும் மகனின் ஜியாமெட்ரி பெட்டியிலிருந்து பென்சிலையும், பார்சல் ஒட்டும் டேப்பையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். சக்கரத்துக்கும் சுமை ஏற்றும் தொட்டிக்கும் நடுவே கையை விட்டு, டேப்பை ஒட்டித் தேய்த்தேன். ஒன்றும் வரவில்லை. இடம் மாற்றி ஒட்டினேன். மழமழவென்று கறுப்பு மட்டும்தான் வந்தது. ஓர் இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் கீறலாக உரிந்திருந்தது. வேலையைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை என்று பெயிண்டரைத் திட்டினேன். பிறகு வண்டியின் மேலேயே சாய்ந்துகொண்டேன்.

அன்றிலிருந்து தட்டில் போட்ட சோற்றை ஒதுக்கி வைத்தேன். கணவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று காலையில் எழும்போதே நினைப்பேன். அவர் முகத்தைப் பார்த்ததும் காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டுவிடுவேன். அவர் கோபக்காரர் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடச் சுலபமாக இருந்திருக்கும். ஆசையாக வாங்கிய வண்டி, பெண்டாட்டி கையால் போயிற்று என்று அவர் ஒரு பார்வை பார்ப்பாரே, அதற்குத்தான் பயந்தேன். அதைவிட, போலீஸ் ஜீப்பில் அவர் ஏறுவது கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. சமையல் வேட்டியோடு, தோளில் துண்டோடு ஏறுவார். மகனுக்கு என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்தேன்.

ஆயுத பூஜை அன்று வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தது நான்தான். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழ் வைக்கும்போது பழம் உருண்டு சாக்கடை ஓரம் போய்விட்டது. அபசகுனம் என்று யாரும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன்.

பூஜை முடிந்த மறுநாள், கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஒத்தக்கடை பஸ் ஏறினேன். பெயிண்டருக்கு விஷயம் தெரிந்ததும் முகம் வெளிறிவிட்டது. அந்த இடத்தில் எழுத்து இருந்ததையே துரு மறைத்திருந்தது என்று சத்தியம் செய்தார். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, தன்னிடம் எழுத்து வெட்டும் அச்சு இருப்பதாகவும், தாளைக் காட்டினால் அதே நம்பரைத் தானே அடித்துத் தருவதாகவும், யாருக்கும் தெரியாது என்றும் மெதுவாகச் சொன்னார்.

வேண்டாம் என்று நான் உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடித்துக் காட்டுங்கள் என்றேன். அவர் ஒரு பழைய இரும்புத் தகட்டில் அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டார். ஏழு என்ற எண் கோணலாக விழுந்தது. அந்தச் சத்தத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது. இதுவரை நான் செய்தது முட்டாள்தனம், இனிமேல் செய்யப்போவது திருட்டு. வாரேன்ணே என்று சொல்லிவிட்டு, செருப்பைச் சரியாக மாட்டாமலேயே ரோட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த வாரம் முழுதும் கணவரும் சரியாகச் சாப்பிடவில்லை. தேதியைத் தள்ளிப்போடலாமா என்று ஒருமுறை அவரே கேட்டார். நானும் ஆசையாகத் தலையாட்டினேன். ஆனால் புரோக்கர், ஒரு வருடக் கெடு முடியப்போகிறது, முடியாது என்றுவிட்டார். கணவர் கையில் அடிக்கடி மண்ணெண்ணெய் வாடை அடித்தது. பழைய அடுப்பு எதையோ துடைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பயம் பிடித்தவளுக்கு அடுத்தவர் முகம் எங்கே தெரிகிறது!

பெயிண்ட் அடித்த பதினோராவது நாள் வண்டியைப் பரிசோதனை மைதானத்துக்குக் கொண்டுபோனோம். நான் வர வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும் ஏறி உட்கார்ந்தேன். அவரும் இருக்கையில் கிடந்த துண்டை எடுத்து இடம் விட்டார்.

புரோக்கர் டேப்பை ஒட்டித் தேய்த்தார். இரண்டு முறை தேய்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் தாமே குனிந்து, செல்போன் விளக்கை அடித்து, விரலால் தடவிப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே, "இதுல கை வச்சது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றார் என் கணவர். "துருவா இருந்துச்சு. தெரியாம நானே தேய்ச்சுட்டேன்."

இவருக்கு எப்படித் தெரியும்? அன்று ஊரிலேயே இல்லையே? நான் வாயைத் திறப்பதைப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டு மொழியில் சட்டென்று ஒரு வார்த்தை சொன்னார். எந்தச் சௌராஷ்டிர வீட்டிலும் அடுத்தவர் முன்னால் அப்படித்தான். அவசரம் என்றால் நாக்கு தானாகவே அந்தப் பக்கம் போய்விடும். ஆனால் இன்ஸ்பெக்டர் வெளியூர்க்காரர். அவருக்கு அது இன்னும் பெரிய சந்தேகமாகப் போயிற்று.

"என்ன பாஷை இது? எங்கிட்ட ஒண்ணு, அங்க ஒண்ணா? ஏம்மா, இப்ப என்ன சொன்னார் உங்ககிட்ட?"

தண்ணீர் கேட்கிறார் என்று சொல்லியிருக்கலாம். வெயிலாக இருக்கிறது, தள்ளி நில் என்கிறார் என்று சொல்லியிருக்கலாம். கணவர் முகத்தைப் பார்த்தேன். கெஞ்சிக்கொண்டிருந்தது.

"என்னைப் பேசாம இருக்கச் சொன்னார் சார்" என்றேன். "தேய்ச்சது அவரில்லை. அன்னைக்கு அவர் ஊர்லயே இல்லை. பட்டறைக்குக் கொண்டுபோயித் தேய்க்கச் சொன்னது நான்."

இன்ஸ்பெக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பெயிண்டரின் செல் நம்பரை வாங்கி, என் முன்னாலேயே போன் போட்டார். அந்த மனிதர் பாவம், உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். நம்புகிறேன், ஆனால் போலீஸுக்கு எழுதாமல் இருக்க முடியாது என்றார் இன்ஸ்பெக்டர். வண்டி அங்கேயே நின்றது.

ஸ்டேஷனில் என்னிடம் எழுதி வாங்கினார்கள். கையெழுத்துப் போடும்போது என் பேரை நானே தப்பாக எழுதி அடித்தேன். அதன் பிறகு ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் ஸ்டேஷனிலிருந்துதான் என்று நினைத்தேன். பல வாரம் கழித்து போலீஸின் தடய ஆய்வகத்திலிருந்து ஒருவர் வந்து, பட்டியைச் சுரண்டி, சட்டத்தை மெருகேற்றி, பஞ்சில் ஏதோ அமிலத்தைத் தொட்டுத் தடவினார். மேலே தேய்ந்து போனாலும் அச்சு அமுங்கிய தடம் இரும்புக்குள் இருக்குமாம். நாங்கள் இருவரும் எட்ட நின்று பார்த்தோம். கொஞ்சம் கொஞ்சமாக எழுத்துகள் மேலே வந்தன. கடைசி எண் மட்டும் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. தாளில் இருந்தது எட்டு. அவர் இன்னொரு முறை தடவினார், இன்னொரு முறை தடவினார். பிறகு லென்ஸை எடுத்துவிட்டு, எட்டுதான் என்றார். நான் தாளை வாங்கி, அதில் இருந்த எட்டை இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன்.

மற்றதெல்லாம் தாள் வேலை. அனுமதி வாங்கி அதே எண்ணை மறுபடி வெட்டினார்கள். மதுரை நம்பர் கிடைத்தது. வண்டியை எடுத்துக்கொண்டு தல்லாகுளம் வழியாக வீட்டுக்கு வரும்போதுதான் அவர் வாயைத் திறந்தார். பரமக்குடியிலிருந்து வந்த அன்றே பார்த்துவிட்டாராம். வாங்கும்போதே அந்த எண்ணைத் தடவிப் பார்த்துத்தான் வாங்கினாராம். பட்டிக்கு அடியில் இருக்காதா என்று நகத்தால் கீறி, மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்துப் பார்த்தாராம். என்னிடம் சொன்னால் நான் பயந்துவிடுவேன் என்று சொல்லவில்லையாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரே வீட்டில், ஒரே குக்கர் சோற்றைத் தின்னாமல் ஒதுக்கி வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் தனித்தனியாகச் செத்திருக்கிறோம். சொல்லியிருந்தால் பதினோரு நாளை ஆளுக்கு ஐந்தரை நாளாகப் பயந்திருக்கலாமே என்று கத்தினேன். நீயும்தானே சொல்லவில்லை என்றார்.

சிக்னலுக்கு முன்னால் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டைக் கடப்பதற்குத்தான். எல்லாத் தாளும் என் மடியில்தான் இருந்தது, எல்லாமே சரியாகவும் இருந்தது. இருந்தும் தாள்களை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்குப் பயமாக இருக்கிறது" என்றேன், எங்கள் மொழியில்.

"எனக்கும்" என்றார் அவர்.