தவளைக்குப் போடாத பூச்சி

தீப்பெட்டியைக் காதோரம் வைத்தால் உள்ளே பூச்சி பிறாண்டுவது கேட்கும். கோட்டுச்சேரி கடைத்தெருவில் பூச்சிமருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது நான் முதலில் பழகிக்கொண்டது அந்தச் சத்தத்தைத்தான். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் எட்டாம் வகுப்போடு ஒத்துவராமல் போயிருந்தது. மீசை வந்த பிறகும் ஊர்வம்பு பேசுவதைத் தவிர வேறு தொழில் தெரியாதவனை முதலாளி எதற்குச் சேர்த்துக்கொண்டார் என்றால், அவருக்கு மூச்சிழுப்பு நோய். மருந்துப் பாட்டிலின் மூடியைக்கூட அவர் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். திறப்பதும் ஊற்றுவதும் என் வேலை. அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி தள்ளி உட்கார்ந்திருப்பார். பூச்சிமருந்து மூச்சுக்கு ஆகாத மனிதருக்குப் பூச்சிமருந்துக் கடை எதற்கு என்று நான் கேட்காத நாள் கிடையாது. "ஒனக்கு வாய் ஆவாது, அத வச்சிக்கிட்டுத் திரியலையா நீ?" என்பார்.

பயிரில் என்ன விழுந்திருக்கிறது என்று தெரியாத விவசாயிகள் பூச்சியை உயிரோடு பிடித்துத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு வருவார்கள். முதலாளி பெட்டியை லேசாகத் திறந்து பார்த்து, தத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப் புழு என்று பேர் சொல்லி, எந்தப் பாட்டில் என்று எனக்குக் கை காட்டுவார். பிறகு ஒரு கேள்வி. "மருந்து அடிச்சாச்சா, அடிக்கலையா?" அடித்தாயிற்று என்றால் பெட்டி அடுப்புக்குப் போகும். அடிக்கவில்லை என்றால் தவளைக்குப் போகும்.

மழைக்காலத்தில் அளவு டப்பாவுக்குள் ஒண்டிக் கிடந்த குட்டி அது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. முதலாளி அதை ஒரு பழைய மிட்டாய் பாட்டிலில் ஈர மணலும் தேங்காய் மட்டையும் போட்டுக் குடிவைத்து, மருந்து வாடை எட்டாமல் தெருப்பக்க ஜன்னலில் வைத்தார். பூச்சியைக் கொல்வதற்கென்றே திறந்த கடையில் பூச்சி வருமா என்று காத்திருந்த ஒரே வயிறு அதனுடையது. நான் அதற்குச் சின்ன முதலாளி என்று பேர் வைத்தேன். நாளடைவில் பெரிய முதலாளியே காலையில் வந்ததும், "சின்ன முதலாளி சாப்ட்டாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

அது சாப்பிடுவதைப் பார்க்க டீக்கடையிலிருந்து ஆட்கள் வருவார்கள். உள்ளே உதறிய பூச்சி அசையாமல் இருக்கும்வரை தவளைக்கு அது பூச்சியே இல்லை. ஒரு கால் அசைந்துவிட்டால் போதும். உடம்பை மொத்தமாகத் திருப்பி, கொஞ்சம் முன்னால் சாயும். பின்னங்கால் விரல் ஒன்று மட்டும் துடிக்கும். அப்புறம் பூச்சி இருக்காது. வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இறக்கையை இரண்டு கைகளாலும் உள்ளே தள்ளிவிட்டு, கண்களை அழுத்தி மூடி விழுங்கும். ஒருநாள் பொரியை நூலில் கட்டி ஆட்டினேன். கவ்வியது, உடனே துப்பியது.

"ஏன்டா, ஒனக்கு யாராச்சும் கல்ல நூல்ல கட்டி ஆட்டுனா திம்பியா?" என்றார் முதலாளி.

"ஆட்டுறது யாருன்னு பாத்துத்தாங்க சொல்ல முடியும்" என்றேன். இழுப்பு வரும்வரை சிரித்தார்.

கார்த்திகையில் விழிதியூர்க்காரர் ஒருவர் வந்தார். காலிப் பாட்டிலையும் தீப்பெட்டியையும் மேசைமேல் வைத்தார். "அடிச்சாச்சு. அடிச்சும் குதிக்கிது. மருந்து வித்தீங்களா, வாய்க்கா தண்ணி வித்தீங்களா?" போலி மருந்துப் பேச்சு ஊரெல்லாம் அடிபட்டுக்கொண்டிருந்த சமயம் அது. அந்தப் பேச்சில் மாட்டிய கடைக்கு அப்புறம் யாரும் படியேற மாட்டார்கள். டீக்கடைக் கூட்டம் வாசலுக்கு வந்துவிட்டது. விழிதியூர்க்காரர் ஜன்னலைப் பார்த்தார். "இந்தப் பூச்சிய ஒங்க தவளைக்குப் போடுங்க. அது செத்தா மருந்து நல்ல மருந்து, நானே ஊர்பூரா சொல்றேன். சாவலன்னா தண்ணி."

கூட்டத்துக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கும் பட்டது. தீப்பெட்டியைக் கண்டதும் தவளை கண்ணாடிப் பக்கம் நகர்ந்து வந்தது.

முதலாளி பெட்டியை எடுத்து மூடினார். "போட மாட்டேன்."

"ஏன், பயமா?"

"நல்ல மருந்துன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் போட மாட்டேன்."

"நல்லா சமாளிக்கிறாருய்யா" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியின் காதுமடல் சிவந்துவிட்டது. "சோதனை பண்ணணும்னா ஒங்க வயல்ல பண்ணுவோம். காலையில புதுப் பாட்டிலோட வந்து அடிச்சிக் காட்டுறேன்" என்றார்.

"நீங்க அடிக்கணும். இந்தப் பய கைய நான் நம்ப மாட்டேன்" என்று விழிதியூர்க்காரர் என்னைக் காட்டினார். ஊரையே கேலி பேசியதற்கு அன்றுதான் பலன் கிடைத்தது. "முதலாளி, ஒங்க நெஞ்சுக்கு" என்று ஆரம்பித்தேன். "நீ சைக்கிள மட்டும் எடுத்துக்கிட்டு வா" என்றார்.

இப்போது எனக்கும் ஒரு மருந்துக் கடை இருக்கிறது. கடைக்கு வந்து சத்தம் போடுகிறவர்களையும் பார்க்கிறேன். அன்று அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் யோசிக்காமல் போட்டிருப்பேன். குளத்தங்கரைக்குப் போனால் எத்தனை குட்டித் தவளை வேண்டுமானாலும் கிடைக்கும். பேர் போனால் எந்தக் குளத்தில் போய்ப் பிடிப்பது? இப்படித்தான் என் கணக்கு ஓடும். அவருக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இல்லை. அந்த மிட்டாய் பாட்டிலுக்குள் இருந்தது தன் கையால் சாப்பிடும் உயிர் என்பதற்குமேல் அவர் கணக்கு போகவில்லை.

மறுநாள் காலையில் முதலாளி சைக்கிள் முன்கம்பியிலும் மருந்தடிக்கும் டாங்கி பின்னாலுமாக விழிதியூருக்கு மிதித்தேன். வேட்டியை மடித்துக் கட்டி, முகத்தில் துண்டைச் சுற்றி, அவரே மூடி திறந்து, அவரே கலந்து, டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். விழிதியூர்க்காரர் கைகட்டி வரப்பில் குந்தியிருந்தார். கொஞ்ச தூரம் போவதற்குள் பம்படிக்கும் சத்தத்தை மீறி இழுப்புச் சத்தம் கேட்டது. முதலாளி நிற்பார், துண்டுக்குள் காற்றைத் தேடுவார், மறுபடி அடிப்பார். நான் இறங்கப் போனேன். கையைக் காட்டித் தடுத்துவிட்டார்.

விழிதியூர்க்காரர் எழுந்து வயலுக்குள் நடந்து போய் டாங்கியின் வாரைப் பிடித்தார்.

"எறக்குங்க."

"இன்னும் பாதிகூட ஆவல."

"தவளைக்குக் குடுக்க மனசு வரல. நீங்க மட்டும் மூக்குல ஏத்திக்கலாமா? எறக்குங்க முதலாளி. கடைத்தெருவுல நான் பேசிக்கிறேன்."

அவரே டாங்கியை மாட்டிக்கொண்டார். மருந்துக்காற்று படாத மேட்டு வரப்பில் முதலாளியை உட்கார வைக்கச் சொல்லி எனக்குக் கண் காட்டினார். மீதி வயலைக் கடைசிவரை அவர்தான் அடித்தார். அடித்து முடிப்பதற்குள் முதலாளியின் மூச்சு மெதுவாக ஒழுங்குக்கு வந்துகொண்டிருந்தது. பூச்சி செத்ததா என்று நாங்கள் மூன்று பேருமே குனிந்து பார்க்கவில்லை.