மேனேஜருக்கு உப்புப் பார்த்த நாள்

மீன் தொட்டிக்குள் சுண்டுவிரலை விட்டு எடுத்து, நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார் அப்துல் ஹக்கீம். வீட்டுக்கு யார் வந்திருந்தாலும் அந்த அரை நிமிஷம் வாய் திறக்க மாட்டார். பிறகு, "ஒரு பொடி கூடிருச்சு" என்று ஒரு செம்பு நல்ல தண்ணீரை ஊற்றுவார். விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கும் மனிதர். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு வத்தலை எடுத்துக் கடித்தாரென்றால், எந்த ஊர்க் காட்டில் விளைந்தது, எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லிவிடும் நாக்கு அது. கடலே இல்லாத ஊரில் கடல் மீன் வளர்க்க இதைவிட என்ன தகுதி வேண்டும் என்பது அவர் கேள்வி.

உப்பு அளக்க ஒரு கண்ணாடி மீட்டர் இருந்தது. மகன் முஹ்சின் சென்னையிலிருந்து வாங்கி அனுப்பியது. "வத்தலுக்கு மீட்டர் வச்சா ஏவாரம் பண்றோம்?" என்று கேட்டுவிட்டு, அதன் யோக்கியதையைச் சோதிக்க அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சால்னாவுக்குள் விட்டார். மீட்டர் பட்டென்று தெறித்தது. ஒரு சட்டிச் சால்னா சாக்கடைக்குப் போன அந்தக் கதையை அவர் மனைவி பீவி ஜான் இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தொட்டிக்குப் பின்னால் கடலடிப் படம் ஒட்டுவது ஊர் வழக்கம். இவர் ஒட்டியிருப்பது சிவகாசிப் பட்டாசுக் காலண்டர். ராக்கெட் வெடித்துச் சிதறுகிற வானத்துக்கு முன்னால் மூன்று மீன்கள் நீந்தும். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட பெரிய மீனுக்கு மேனேஜர் என்று பெயர். வேலை எதுவும் பார்க்காமல் மற்ற இரண்டையும் விரட்டிக்கொண்டே இருக்கும். வந்து ஒன்பது வருஷமாகிறது. மண்டியில் எந்த ஆளும் ஹக்கீமிடம் அவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததில்லை. முஹ்சின்கூட போனில் முதலில் மேனேஜரை விசாரித்துவிட்டுத்தான் அம்மாவை விசாரிப்பான்.

மூன்று மடங்கு பெரிய புதுத் தொட்டி ஒன்று வந்து கூடத்தில் காலியாகக் கிடந்தது. பெருநாள் கழித்து மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தார். ஆனால் நோன்பு பதினேழு அன்று மதியம் பழைய தொட்டியின் மூலையில் ஒட்டு விட்டுப்போய்த் தண்ணீர் கூடத்தில் ஓடியது. சேதி கிடைத்ததும் ஹக்கீம், மல்லாங்கிணறிலிருந்து வத்தல் மூட்டையோடு மண்டிக்கு வந்திருந்த கருப்பணனையும் கையோடு வீட்டுக்கு இழுத்து வந்தார். விவசாயியும் வியாபாரியுமாக முப்பது வருஷமாய் ஒருவரையொருவர் மாமா, மாப்ள என்று அழைத்து, விலையில் மட்டும் சண்டை போட்டுக்கொள்கிறவர்கள்.

மீன்களைப் பழைய தண்ணீரோடு வாளியில் பிடித்து, ஏர் பம்பைப் போட்டுவிட்டார்கள். புதுத் தொட்டியில் கல்லை அடுக்கினார்கள். எட்டு கேன் தண்ணீர் ஊற்றி, மதுரையில் வாங்கி வைத்திருந்த மீன் உப்பைக் கைக்கணக்கில் கொட்டி, மோட்டாரைப் போட்டுக் கலக்கினார்கள். எல்லாம் கரைந்ததும் ஹக்கீமின் சுண்டுவிரல் தன்னால் தண்ணீருக்குள் போய், வெளியே வந்து, வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது. நோன்பு வாயில் எப்படி உப்புப் பார்ப்பது?

"கஞ்சிக்கு உப்புப் பாத்துத் துப்பிரலாம்னு பள்ளிவாசல் ஆலிம்சா சொல்லியிருக்காகல்ல" என்றார் பீவி ஜான்.

"அது கஞ்சிக்கு. மீனுக்குன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய்க் கேக்க?"

உண்மைக் காரணம் வேறு. அந்தத் தண்ணீர் அவருக்கு ருசிக்கும். நாக்கில் பட்டால் துப்ப மனசு வராது என்று அவருக்கே தெரியும். ஆகவே அந்தப் பொறுப்பு கருப்பணன் நாக்குக்குப் போனது. புகையிலை போட்டுப் போட்டு மரத்துப்போன நாக்கு. ஒரு மடக்கு குடித்துவிட்டு, உப்பு இருக்கிறது என்று சொன்னார்.

"எம்புட்டு இருக்கு, மாமா?"

"குடிக்க முடியாத அம்புட்டு."

பழைய தண்ணீரில் ஒரு மடக்கு, புதுத் தண்ணீரில் ஒரு மடக்கு என்று நாலு சுற்றுக் குடிக்கவைத்தும் துப்புக் கிடைக்கவில்லை. கடைசியில் கருப்பணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இரண்டும் ஒன்றுதான், விட்டுவிடலாம் என்று தீர்ப்புச் சொன்னார். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. ஏர் பம்ப் நின்றது. கொஞ்ச நேரத்தில் மேனேஜர் வாளியின் மேல்மட்டத்துக்கு வந்து, ஒருக்களித்துக் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. நோன்பு திறக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

விட்டுவிடலாம் என்றார் கருப்பணன் மறுபடியும். ஒரு நோன்பைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம், நாக்கில் வையுங்கள் என்றார் பீவி ஜான். ஹக்கீம் இரண்டையும் கேட்கவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து ஒரு நோன்புகூட விட்டவரில்லை. உப்பு கூடிய தண்ணீரில் விட்டு ஒன்பது வருஷத்து மேனேஜரைக் கொல்லவும் மனசில்லை. ஒரு செம்பை எடுத்துக்கொண்டு வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். காற்றுக் கலக்கட்டும் என்று தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றி, டீ ஆற்றுவது போல ஆற்றத் தொடங்கினார். கை வலித்தால் கருப்பணன் ஆற்றினார்.

"பொறுங்க மேனேஜரே. நானும் தொண்ட வத்திப்போய்த்தான் இருக்கேன்."

பாங்கு சொன்னபோது பாயில் பேரீச்சம்பழமும் கஞ்சியும் வடையும் இருந்தன. ஹக்கீம் துவா ஓதி முடித்தார். கை பழத்துக்குப் போகவில்லை, புதுத் தொட்டிக்குள் போனது. சுண்டுவிரலை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். பீவி ஜான் பழத்தைத் தன் வாயருகே பிடித்தபடி அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, கருவாட்டத்தான் போட முடியும் இதுல" என்றார் ஹக்கீம்.

சமையலறையில் குடிக்க வைத்திருந்த கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். கொஞ்சம் ஊற்றி நக்கிப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் ஊற்றி நக்கிப் பார்த்தார். கேன் முழுவதும் காலியான பிறகுதான் தலையை ஆட்டினார். வாளித் தண்ணீரோடு மீன்களை மெதுவாகச் சாய்த்துவிட்டார். மேனேஜர் கல்லுக்கடியில் போய்க் கிடந்தது. மூவரும் கஞ்சியை மறந்து குனிந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அது வெளியே வந்து சின்ன மீனை விரட்டியது. ஹக்கீமுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவர் முயலவும் இல்லை.

பாயில் வந்து உட்கார்ந்தவருக்கு, வீட்டில் மிச்சமிருந்த ஒரே டம்ளர் நல்ல தண்ணீரை நகர்த்தி வைத்தார் பீவி ஜான். ஹக்கீம் பாதி குடித்தார். நாக்கை வாய்க்குள் ஒருமுறை சுழற்றிப் பார்த்தார். எழுந்து போய் மீதிப் பாதியைத் தொட்டிக்குள் ஊற்றினார்.