கீழே இறங்கி வந்த கம்பெனி பஸ்

ஆம்பூரில் எங்கள் பக்கத்து மேம்பாலம் திறந்த புதிதில் நடந்தது இது. பாலத்தை ஒட்டிய தெருமுனையில் எனக்கு ஒரு டிபன் கடை. ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள்தான் என் வாடிக்கை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது காலி டப்பாவைக் கடையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். காலையில் நிரப்பி வைத்திருப்பேன். வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள்.

பாலம் வந்ததும் கம்பெனி பஸ் மேலேயே போக ஆரம்பித்தது. பாலம் இறங்குகிற இடத்துக்கு ஸ்டாப்பும் போய்விட்டது. அப்புறம் எங்கள் தெருவுக்கு யார் வருவார்கள்? முதலில் பூக்காரம்மா வருவதை நிறுத்தினார். பிறகு வரிசையாகக் கடைகளின் ஷட்டர்கள் இறங்கின. தூண்களுக்கு நடுவே குப்பை சேர்ந்தது. மாதக் கடைசியில் நானும் காலி செய்வதாகக் கடையின் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டேன். பதினோரு வருஷமாக எனக்குச் சோறு போட்ட கடை. சொல்லிவிட்டு வந்து அழுதேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண் வந்தாள். "அக்கா, எங்க டப்பாங்க எல்லாம் பத்திரமா இருக்குதா?" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! "டப்பா மட்டும்தான் ஞாபகம் வந்துச்சா? நான் இருக்கேனா செத்தேனான்னு ஒருத்தியாச்சும் எட்டிப் பாத்தீங்களா? எடுத்துனு போங்க!" என்று எல்லாவற்றையும் ஒரு பையில் கொட்டி அவள் முன்னால் வைத்தேன்.

அவள் பையைத் தொடவேயில்லை.

"இன்னாக்கா, இப்டி டென்ஷன் ஆவுறீங்க? அவ்ளோ தூரம் ஸ்டாப்புக்கு நடக்கிறது எங்களுக்கும் பேஜாராதான் இருந்துச்சு. பஸ் கீழ வந்தாதான் ஏறுவோம்னு முந்தாநேத்து எங்கள்ல ஒருத்தியும் ஏறல. ஒரு நாள் சம்பளம் போனா போவட்டும்னு நின்னோம். கம்பெனில ஒத்துக்கினாங்க. நாளையிலருந்து பஸ் நம்ம தெரு வழியாதான் வருது. டப்பாவ ரொப்பி வைக்கச் சொல்லலாம்னு வந்தேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "இட்லியா, பொங்கலா?" என்றுதான் வந்தது. அவள் சிரித்துவிட்டாள்.

மறுநாள் பஸ் வந்தது. கடையைக் காலி செய்யவில்லை என்று சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் பூக்காரம்மாவும் வந்துவிட்டார். தெரு இன்னும் முழுசாக எழுந்துவிடவில்லை. எதிர் வரிசையில் இரண்டு கடைகள்தான் திறந்திருக்கின்றன. ஆனால் மூன்றாவது கடைக்கு இப்போது பெயின்ட் அடிக்கிறார்கள்.

எனக்குக் கோபம் இன்னமும் சட்டென்று வரத்தான் செய்கிறது. ஆனால் தெரு செத்துப்போனது என்று நான் முடிவு கட்டிய நேரத்தில் பஸ்ஸைத் திரும்பவும் கீழே கொண்டுவரக் கூலியை விட்டுவிட்டு ரோட்டில் நின்றவர்களையே ஏசினேன் என்பது நினைவுக்கு வரும். உடனே வாயை மூடிக்கொண்டு எதிரில் நிற்பவர் சொல்வதைக் கேட்பேன்.