மேவிஸ் வாய் திறக்காத மதியம்

ஸ்கார்வெல் கடற்கரை மைதானத்தில், தேநீர்க் கூடாரத்துக்கு இடது பக்கம், எல்லைக் கயிற்றை ஒட்டினாற்போல் மேவிஸ் ஆல்தர்டனின் மடக்கு நாற்காலிக்கென்று ஓர் இடம் உண்டு. தெரியாத்தனமாக யாராவது அங்கே உட்கார்ந்துவிட்டால் அவள் எதுவும் பேச வேண்டாம். முன்னால் போய் நின்றாலே போதும். இருபத்தேழு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவள். கடைசி சீட்டில் சிகரெட் பற்ற வைப்பவனை, தலையைத் திருப்பாமல் குரலாலேயே இறக்கிவிட்டவள். ஓய்வு பெற்றபோது பஸ்ஸைத் திருப்பிக் கொடுத்தாள், குரலைக் கொடுக்கவில்லை.

அவள் புருஷன் நார்மனைப் பற்றிக் கேட்டால் "அவர் போயிட்டாரு" என்று மட்டும் சொல்வாள். புதிதாகக் கேட்பவர்கள் அனுதாபத்தோடு தொப்பியைக் கழற்றுவார்கள். நார்மன் போனது கோல்ஃப் விளையாட. ஆனால் கிரிக்கெட்டை விட்டுப் போனவரை இருக்கிறார் என்று சொல்ல மேவிஸுக்கு மனம் வருவதில்லை.

எங்கள் கவுண்டி அணி அந்தக் கோடையில் இருபது ஓவர் ஆட்டங்களில் ஆடிய லட்சணத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. பேட்டிங் குறை சொல்ல முடியாது, பந்து வீச்சும் பரவாயில்லை. பந்து வானத்துக்குப் போய்விட்டால்தான் எல்லார் கையிலும் வெண்ணெய் தடவியதுபோல் ஆகிவிடும். எதிரணிக்காரனே அவுட் ஆகிவிட்டோம் என்று பெவிலியனைப் பார்த்து நடக்க ஆரம்பிப்பான். எங்கள் ஆள் பந்தைக் கீழே போட்டு அவனை மரியாதையாகத் திருப்பி அழைப்பான்.

கீழே போட்டவன் மேவிஸின் பக்கம் நிற்பவனாக இருந்துவிட்டால் முடிந்தது கதை. "கண்ணு, அது பந்து. சோப்பு இல்ல" என்று ஆரம்பிப்பாள். அதற்குமேல் அவள் சொல்வதற்கெல்லாம் தேநீர்க் கூடாரத்தில் கோப்பைகள் குலுங்கும். அதனால் அந்த இடத்தில் நிற்க யாருமே முன்வருவதில்லை. கடைசியில், மறுக்கத் தெரியாத ஜெத்ரோ பிம்மின் தலையில் அது விழுந்தது. ஆறடி நான்கு அங்குலம், நல்ல வேகப் பந்து வீச்சாளன், ஆனால் அணியிலேயே மோசமான கை. ஆக, மோசமான கைக்காரன் மேவிஸ் முன்னால் நின்றான், பந்தைக் கோட்டைவிட்டான், வாங்கிக் கட்டிக்கொண்டான், அடுத்த பந்தையும் கோட்டைவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி லீக் ஆட்டம். ஜெயித்தால் காலிறுதி, தோற்றால் வீடு. காலையிலேயே அணித்தலைவன் கேலம் ஹேதர்லி மேவிஸைத் தேடி வந்துவிட்டான். சுற்றி வளைத்துப் பேசிப் பார்த்தான், தேநீர் வாங்கிக் கொடுத்தான், கடைசியில் விஷயத்துக்கு வந்தான். இன்று ஒரு நாள் மட்டும் மைதானத்தின் மறுகோடிக்கு, கழிப்பறைப் பக்கம் போய் உட்கார முடியுமா என்று கேட்டான்.

மேவிஸுக்குச் சுருக்கென்றது. இந்த இடத்தைவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கென்று அவளுக்கு வேறு எதுவும் கிடையாது. அதை அவனிடம் சொல்வாளா என்ன.

"நான் நகர மாட்டேன். வேணும்னா வாயை மூடிக்கறேன்" என்றாள்.

"ஆட்டம் முடியற வரைக்குமா?"

"முடியற வரைக்கும். ஒரு வார்த்தை பேசினாலும், இனிமே என் நாற்காலி அந்தக் கக்கூஸ் பக்கம்தான். போதுமா?"

கேலம் கைகொடுத்துவிட்டு ஓடினான். பக்கத்து நாற்காலி டெஸ்மண்ட், ஓய்வுபெற்ற தபால்காரர், அவளைப் பரிதாபமாகப் பார்த்து ஒரு புதினா மிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டினார்.

எங்கள் அணி நூற்று அறுபத்தெட்டு எடுத்தது. எதிரணி துரத்த ஆரம்பித்ததும் ஜெத்ரோ வழக்கமான இடத்துக்கு வந்து நின்றான். மேவிஸ் மிட்டாயைக் கடைவாயில் அடக்கிக்கொண்டாள். மூன்றாவது ஓவரில் அவனிடம் லட்டு மாதிரி ஒரு பந்து வந்தது. நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்தது. டெஸ்மண்ட் கண்ணை மூடிக்கொண்டார். மேவிஸின் கழுத்து நரம்பு புடைத்தது, முகம் பீட்ரூட் ஆனது, ஆனால் வாய் திறக்கவில்லை. அந்தப் பக்கம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து ஏமாந்தது.

அந்த மௌனம் ஜெத்ரோவை ஆட்டிவிட்டது. ஒவ்வொரு பந்துக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பத்தாவது ஓவரில் இன்னொன்றையும் விட்டான். பந்தைப் பொறுக்கி எறிந்துவிட்டுக் கயிற்றுப் பக்கம் வந்து குனிந்தான்.

"மிஸஸ் ஆல்தர்டன், உடம்புக்கு ஏதும் முடியலையா?"

அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

"அப்ப ஏதாவது திட்டுங்களேன். எப்ப திட்டுவீங்க, எப்ப திட்டுவீங்கன்னே என் காது இங்க இருக்கு. பந்து மேல கவனமே போக மாட்டேங்குது."

மேவிஸ் இன்னொரு மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டாள். பாவமாகத்தான் இருந்தது. இந்தப் பிள்ளை கெட்டவனில்லை, கைதான் கெட்டது என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தோன்றியது. ஆனாலும் கழிப்பறையின் வாடை இங்கிருந்தே அடிப்பதுபோல் இருந்தது.

கடைசிப் பந்து. எதிரணிக்கு இரண்டு ரன் வேண்டும். மட்டையைச் சுழற்றியவன் உயரமாகத் தூக்கி அடித்தான். நேராக ஜெத்ரோவின் தலைக்குத்தான். பின்பக்கமாகவே நடந்து வந்தவன், கயிற்றின் ஓரத்தில் பந்தைப் பிடித்தான். கால் தடுமாறியது. வெளியே விழப்போகிறோம் என்று தெரிந்ததும் பந்தை மைதானத்துக்குள் மேலே தூக்கிப் போட்டுவிட்டு, கயிற்றைத் தாண்டி மேவிஸின் நாற்காலியில் மோதி அவள் காலடியில் மல்லாந்தான். பிளாஸ்க் ஒரு பக்கம், பன்றிக்கறி அடைத்த ரொட்டி ஒரு பக்கம். பந்து இன்னும் காற்றில் இருந்தது. எழுந்திருக்க அவனுக்கு நேரமில்லை. ஆனால் பஸ் ஓட்டியவளின் வலது கால் சும்மா இருந்து பழக்கமில்லாதது. அடுத்த கணம் ஜெத்ரோ ஆணியில் உட்கார்ந்தவன்போல் துள்ளி உள்ளே பாய்ந்து, குப்புற விழுந்து, பந்தைப் பிடித்திருந்தான்.

எதிரணிப் பயிற்சியாளர் கத்திக்கொண்டே ஓடி வந்தார். வெளியாள் தள்ளிவிட்டால் அது செல்லாது என்றார். அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று இரண்டு நடுவர்களுக்குமே சரியாகத் தெரியவில்லை. டெஸ்மண்டைக் கேட்டார்கள். அவர் அந்த நேரத்தில் தன் சாண்ட்விச்சைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். மூத்த நடுவர் மேவிஸிடம் வந்தார்.

"அம்மா, நீங்க இவரைத் தள்ளினீங்களா?"

மேவிஸ் உதட்டை இறுக்கிக்கொண்டு கேலமைக் கைகாட்டினாள்.

"அவங்க எனக்கு வாக்கு குடுத்திருக்காங்க சார்" என்றான் கேலம். "ஆட்டம் முடியற வரைக்கும் பேச மாட்டாங்க."

"முடிஞ்சுதா இல்லையான்னு தெரிஞ்சுக்கத்தானே கேக்கறேன்."

"அப்ப இன்னும் முடியல."

நடுவர் அவனைப் பார்த்தார், மேவிஸைப் பார்த்தார். மேவிஸ் சர்ச்சில் உட்கார்ந்திருப்பவள்போல் மடியில் கைகோத்திருந்தாள். நடுவர்கள் இருவரும் தள்ளிப்போய்த் தலையைச் சொறிந்துகொண்டு பேசினார்கள். பிறகு விரல் மேலே போனது, ஸ்டம்புகளைப் பிடுங்கினார்கள், மைதானமே எழுந்து நின்று கூத்தாடியது.

ஜெத்ரோ பந்தோடு அவளிடம் வந்தான். அழுதுவிடுபவன்போல் நின்றான். மேவிஸுக்கும் கண் கலங்கியது. மிட்டாயைத் துப்பிவிட்டு, அவன் காதை இழுத்து, அவளைப் பொறுத்தவரை ரகசியமாகத்தான் சொன்னாள்.

"முதல் தடவையே ஒழுங்கா புடிச்சிருந்தா நான் எதுக்குடா கண்ணு காலைத் தூக்கணும்?"

தேநீர்க் கூடாரத்தில் கோப்பைகள் குலுங்கின. பெவிலியனை நோக்கிப் போய்க்கொண்டிருந்த மூத்த நடுவர் திரும்பிப் பார்க்கவில்லை. நடையை மட்டும் கொஞ்சம் எட்டிப் போட்டார்.