பேச்சுக்கு வழிவிட்டவர்

போனில் குரல் விட்டுவிட்டு வந்தால், நாம் கத்தினால் சரியாகிவிடும் என்று நம்பிய அறிவாளி நான். உடையார்பாளையத்தில் எங்கள் முந்திரி ஆபீசில் போனும் கம்ப்யூட்டரும் ஒரே நெட் லைனில்தான் ஓடுகின்றன. நான் சினிமா பார்ப்பதும் அதில்தான். படம் ஓடினால், அரியலூரிலிருந்து பேசும் முதலாளியின் குரல் நொறுங்கும். போகப்போக அது வசதியாகவும் இருந்தது. பதில் இல்லாத கேள்விக்கெல்லாம் "கேக்கலைங்க சார்" என்று வைத்துவிடுவேன்.

லைனைச் சரிசெய்ய முதலாளி பெரம்பலூரிலிருந்து ஒருவரை அனுப்பினார். ஒல்லியான உடம்பு, பெரிய ஹெல்மெட். அதைக் கழற்றாமலே வேலை பார்த்தார்.

"படம் கொஞ்சம் நின்னு வந்தா ஒண்ணும் கெட்டுப்போவாது சார். பேச்சு நின்னா வார்த்தையே போயிடும். இனிமே பேச்சு முதல்ல போவும், படம் பின்னாடி வரும்" என்றார்.

உடனே போன் அடித்தது. முதலாளி என் மடியில் உட்கார்ந்து பேசுவதுபோல் அவ்வளவு தெளிவு.

"சிறுவாச்சூர் லோடு ஏத்தியாச்சா?"

ஏற்றவில்லை. தெரிந்தால் வேலை போய்விடும். "கேக்கலைங்க சார்" என்றேன்.

"எனக்கு நல்லா கேக்குது. ஏத்தியாச்சா, இல்லையா?"

ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "பழையபடியே மாத்திடுங்க தம்பி" என்று கெஞ்சினேன். அந்த ஹெல்மெட்டுக்குள் அது எப்படிக் கேட்டதோ, இன்றுவரை தெரியவில்லை. வாசலில் நின்று சொன்னார்:

"அத முதலாளிகிட்டயே சொல்லுங்க சார், இப்ப தெளிவா கேக்கும்."