மச்சானுக்கு மூடிய கவுன்ட்டர்

போன வாரம் என் மனைவியின் அண்ணனை விமானத்தில் ஏற்றாமல் நிறுத்திவிட்டேன்.

அவர் கையில் டிக்கெட் இருந்தது. விமானத்தில் சீட்டும் இருந்தது. நிறுத்தியது வேறு யாரும் இல்லை, டியூட்டி ஆபீசராக நின்றுகொண்டிருந்த நானேதான். அன்றைக்கு வீட்டில் எனக்கு எப்படிப்பட்ட வரவேற்பு இருந்திருக்கும் என்று கல்யாணமானவர்களுக்குச் சொல்ல வேண்டுமா என்ன?

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் இது புரியும்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் விமானப்படையில் இருபது வருடம் இருந்தவன். பைலட் இல்லை. சரக்கு விமானத்தில் எதை எங்கே வைத்துக் கட்டுவது என்று பார்க்கிற வேலை. மாட்டுவண்டியில் முன்பாரம், பின்பாரம் பார்ப்பார்கள் இல்லையா? கிட்டத்தட்ட அதேதான். வண்டியில் பாரம் தப்பினால் மாடு திணறும். விமானத்தில் பாரம் தப்பினால்... வேண்டாம், காலையில் காபியோடு படித்துக்கொண்டிருப்பீர்கள்.

லடாக், அசாம் என்று எங்கெங்கோ ஏற்றி இறக்கினேன். வெங்காய மூட்டைகளும் சிப்பாய்களும் ஒரு விஷயத்தில் ஒன்று. வைத்த இடத்தில் இருப்பார்கள். ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

ரெண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஓடிய பிறகு, போன வருடம்தான் ஓய்வு பெற்று விருதுநகருக்கு வந்து சேர்ந்தேன். நாற்பதை ஒட்டிய வயது. அதற்குப் போய் ஓய்வு என்று பெயர். சூலக்கரையில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஆபீசுக்குப் போனால், அங்கே எனக்கு முன்னால் நின்ற அத்தனை பேருக்கும் ஒரே வேலைதான் தயாராக இருந்தது — பேங்க் வாசல், இல்லையென்றால் ஏ.டி.எம். வாசல். கௌரவமான வேலைதான். ஆனால் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் நிற்பது?

அப்போதுதான் மச்சான் வந்தார். பெயர் தனபாலன். ஏழாயிரம்பண்ணை பக்கம் பட்டாசு கம்பெனி வைத்திருக்கிறார். சிவகாசியில் வீடு. மனதில் பட்டதை அப்படியே பேசுகிறவர்.

“வெளிய எதுக்கு மாப்ள அலையுறீக? நம்ம கம்பெனி இருக்கு. காலையில வந்து உக்காருங்க. லோடு ஏத்துறதப் பாருங்க. பட்டாளத்துல பாத்த வேலதான?”

தலையாட்டிவிடலாம் போலத்தான் இருந்தது. என் மனைவி கனகா முகத்தில் அத்தனை நிம்மதி. ஆனால் அந்த வாரமே பேப்பரில் ஒரு விளம்பரம். புதிதாகத் தொடங்கும் ஒரு ஏர்லைன்ஸுக்கு மதுரையில் ஆபரேஷன்ஸ் ஆட்கள் தேவையாம். படித்த உடனே உள்ளே ஏதோ என்ஜின் ஸ்டார்ட் ஆன மாதிரி இருந்தது. இருபது வருடம் அந்த இரைச்சலைத் திட்டிக்கொண்டே இருந்தவன் நான். அது இல்லாத ஊரில் தூக்கம் வராமல் கிடந்தேன் என்பதுதான் நிஜம்.

சென்னையில் இன்டர்வியூ. சுற்றிலும் டை கட்டிய பிள்ளைகள். என்னைக் கேள்வி கேட்டவர் ஓர் இளம்பெண். என் அக்கா மகள் வயதுதான் இருக்கும். நான் விறைப்பாக நின்றேன்.

“உக்காருங்க சார்” என்றார். அதிகாரி என்னை சார் என்று கூப்பிடுகிறார். அதுவே புதிது.

பாரம், எரிபொருள், வானிலை என்று கேட்டதற்கெல்லாம் மளமளவென்று பதில் சொன்னேன். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

“கவுன்ட்டர்ல ஒரு பயணி உங்களைக் கண்டபடி திட்டுறார். என்ன செய்வீங்க?”

“மேலதிகாரியிடம் தெரிவிப்பேன் மேடம்.”

“அங்க மேலதிகாரியே நீங்கதான் சார்.”

யோசித்துப் பார்த்தேன். அதுவரை என்னைத் திட்டியவர்கள் எல்லோருமே என் மேலதிகாரிகள்தான். வெளியாள் வந்து திட்டினால் என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை.

“தெரியலை மேடம். கத்துக்கிறேன்” என்றேன்.

வேலை கிடைத்துவிட்டது. நேராக சிவகாசிக்குப் போய் மச்சானிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

“அப்போ நம்ம கம்பெனி ஒங்களுக்கு எளக்காரமாப் போச்சு.”

அப்படியில்லை என்று எவ்வளவோ சொன்னேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். நல்லது கெட்டதில் பார்த்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

வேலையோ... எப்படிச் சொல்ல? ஒவ்வொரு நாளும் திருவிழா. முதல் வாரத்தில் கவுன்ட்டர் பெண் ரேவதி தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னாள். “சார், நீங்க ‘அடுத்து’ன்னு சொல்ற தோரணையில ஆளுங்க அட்டென்ஷன்ல நிக்கிறாங்க.” அன்றிலிருந்து வீட்டுக் கண்ணாடி முன்னால் ‘வாங்க’ என்று சொல்லிப் பழகினேன். கனகா கதவோரம் நின்று சிரிப்பாள்.

எங்கள் முதல் விமானம் கிளம்பிய நாளை மறக்கவே முடியாது. பட்டுச்சேலை கட்டி, மல்லிகைப்பூ வைத்து, குலதெய்வத்துக்குக் காசு முடிந்துவைத்துவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர். சாத்தூர்க்காரர் ஒருவர் முதல் ஆளாக ஏறி, முன் சீட்டில் துண்டைப் போட்டுத் தம்பிக்கு இடம் பிடித்துவிட்டார். சீட்டுக்கு நம்பர் உண்டு என்று சொன்னதும், “பஸ்ஸவிட மோசமா இருக்கே” என்றபடி துண்டை எடுத்துக்கொண்டார். அத்தனை பேருடைய பாரத்தையும் கணக்குப் போட்டு, நான் கையெழுத்திட்டு, கேப்டன் கையெழுத்திட்டு, அது ஓடி மேலே எழும்பியபோது என் கை தானாக சல்யூட்டுக்கு உயர்ந்தது. பாதியில் சுதாரித்து டாட்டா காட்டினேன்.

சரி, போன வார விஷயத்துக்கு வருகிறேன்.

தீபாவளி ஆர்டர் சீசன். மச்சானிடமிருந்து திடீரென்று செல்போனில் அழைப்பு.

“மாப்ள, மெட்ராஸ்ல ஒரு பெரிய பார்ட்டியப் பாக்கணும். ரயில்ல போலாம்னுதான் இருந்தேன். நம்ம மாப்பிள்ளை பிளைட்டு இருக்கும்போது எதுக்கு ரயிலுன்னு டிக்கெட் போட்டுட்டேன்.”

நம்ம மாப்பிள்ளை பிளைட்டு. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. கனகா அன்றைக்கே கேசரி கிண்டினாள்.

மச்சான் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து இறங்கினார். வழியனுப்ப வேன் நிறையச் சொந்தம். ஏர்போர்ட் வாசலில் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் உள்ளே மற்ற வேலைகளைப் பார்க்கப் போய்விட்டேன். சற்று நேரத்தில் எக்ஸ்ரே மெஷின் பக்கமிருந்து அழைப்பு வந்தது. பாதுகாப்பு இன்ஸ்பெக்டர், வடக்கத்திக்காரர், திரையைக் காட்டினார். ஒரு பெட்டிக்குள் வரிசை வரிசையாக மெல்லிய கம்பிகள்.

நம்ம ஊரில் பிறந்தவனுக்கு அது என்னவென்று யாராவது சொல்ல வேண்டுமா? கம்பி மத்தாப்பு. பக்கத்தில் புஸ்வாணம். பெட்டிக்குப் பின்னால் சிரித்தபடி நிற்கிறார் மச்சான்.

“சாம்பிள்தான் மாப்ள. இந்த சீசனுக்குப் புதுசு. கலர் மாறி மாறி எரியும். நீங்க இங்கன இருக்கும்போது எவன் என்ன கேட்ருவான்?”

விமானத்தில் பட்டாசு என்பது போலீஸ் கேஸ் வரை போகிற விஷயம். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்க்கிறார். மச்சானும் என்னைப் பார்க்கிறார். இருபது வருடம் பேசிய ஹிந்தியில் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்.

“இவர் என் மனைவியின் அண்ணன். அதனால் இதில் நான் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. நீங்கள் என்ன முடிவு செய்தாலும் சரி.”

இன்ஸ்பெக்டர் தலையசைத்துவிட்டு அவரைத் தன் அறைக்கு அழைத்துப் போனார். மச்சானுக்கு ஹிந்தி புரியாது. ஆனால் நான் கூட வராமல் நின்றது புரிந்துவிட்டது. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

கவுன்ட்டர் மூடும் நேரம் வந்தது. ரேவதி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “சார், உங்க சொந்தக்காரர் இன்னும் வரலை. மூடிரவா, கொஞ்சம் பொறுக்கவா?”

“மூடும்மா.”

மூடிய கையோடு அருப்புக்கோட்டையிலிருந்து ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். வழியில் பஸ் பஞ்சராம். மகளைப் பார்க்கப் போகிறாராம். மன்னிப்புக் கேட்டு, நாளைய விமானத்துக்கு மாற்றித் தருகிறேன் என்றேன். அவர் அப்படியே ஓரமாக நின்றார்.

அவர் நிற்கும்போதுதான் மச்சான் இன்ஸ்பெக்டர் அறையிலிருந்து வெளியே வந்தார். சாம்பிளை எல்லாம் பறிமுதல் செய்து, எழுதி வாங்கிக்கொண்டு, கடுமையாக எச்சரித்து விட்டுவிட்டார்கள். கேஸ் இல்லை. எனக்கு உயிர் வந்தது. அவர் நேராக என்னிடம் வந்தார்.

“என்ன மாப்ள, மூடிட்டாகன்னு சொல்லுது இந்தப் பொண்ணு? பிளைட்டு அங்கனதான நிக்குது?”

நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆளைச் சேர்ப்பது முடியாத காரியமில்லை. பாரக் கணக்கில் பேனாவால் ஒரு திருத்தம், கேப்டனுக்கு வாக்கி டாக்கியில் ஒரு வார்த்தை. ஆனால் அருப்புக்கோட்டைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாரே?

“நிக்குது மச்சான். ஆனா உங்களை ஏத்தினா, அவரையும் ஏத்தணும். அவரை இப்பத்தான் முடியாதுன்னு சொன்னேன்.”

மச்சான் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “நம்ம வீட்டுப் பொண்ணக் கட்டிட்டு...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

விமானத்தை அனுப்பிவிட்டு அவரிடம் ஓடினேன். பக்கத்தில் உட்கார்ந்து, மறுநாளைக்கு மாற்றிய டிக்கெட்டை அவர் கையில் வைத்தேன். பிறகு கேட்டேன்.

“மச்சான், சட்டைப்பையில தீப்பெட்டியோட ஒருத்தன் உங்க கம்பெனிக்குள்ள வந்தா என்ன செய்வீக?”

“செவுட்டுல ரெண்டு போட்டு கேட்டுக்கு வெளிய தள்ளுவேன். சொந்தத் தம்பியா இருந்தாலும்...”

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திக்கொண்டார். வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். சொல்லிக்கொள்ளாமலே வேனில் ஏறினார். ஆனால் வேன் கிளம்பாமல் நின்றது. கதவு திறந்தது. வாசலுக்கு வந்து நின்ற அருப்புக்கோட்டைக்காரரை உள்ளே ஏற்றிக்கொண்டது.

வீட்டில் கனகா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “ஏங்க, எங்க அண்ணன விட்டா வேற ஆளே கெடைக்கலியா ஒங்களுக்கு?”

பட்டாளத்தில் முடியாது என்று சொன்னால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். வெளி உலகத்தில் அப்படி இல்லை. யாரிடம் முடியாது என்றோமோ, அவர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய் முதல் பந்தியில் உட்கார வேண்டும்.

மறுநாள் காலையில் டெர்மினல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வருவாரா, மாட்டாரா? வேன் வந்தது. முதலில் அருப்புக்கோட்டைக்காரர் இறங்கினார். ராத்திரி மச்சான் வீட்டில்தான் தங்கல் போலிருக்கிறது, புதுத் துண்டு ஒன்று தோளில் கிடந்தது. பின்னாலேயே மச்சான். கையில் சின்னப் பை. இன்ஸ்பெக்டர் கேட்கும் முன்பே தானாகத் திறந்து காட்டினார். “பாத்துக்கிருங்க சார். கேட்லாக்கு, வேட்டி, சீப்பு.” பார்ட்டியிடம் போனில் பேசிவிட்டாராம். இப்போதைக்கு கேட்லாக்கைக் காட்டுவது, சாம்பிள் முறைப்படி லாரியில் பின்னால் போகும்.

என் பக்கம் திரும்பாமலே கவுன்ட்டருக்கு வந்தார். நான் அவருக்கு ஜன்னல் ஓரமாக ஒரு சீட்டு கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். விமானம் எழும்பியபோது, இத்தனை மாத சர்வீஸுக்குப் பிறகும், என் கை முதல் நாள் மாதிரி பாதி சல்யூட் வரை போய்த் திரும்பியது.

மத்தியானம் செல்போன் அடித்தது. மச்சான் நம்பர். தயங்கித்தான் எடுத்தேன்.

“எறங்கிட்டேன் மாப்ள. பார்ட்டியப் பாத்தாச்சு. சாம்பிள் வரட்டும், எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டாரு.”

“சந்தோஷம் மச்சான்.”

“ஆனா ஒரு கம்ப்ளைன்ட்டு உண்டு.”

“சொல்லுங்க.”

“ஜன்னல் சீட்டுன்னு கொடுத்தீக. மெட்ராஸ் வாரவரைக்கும் ரெக்கைய மட்டும்தான் பாத்துக்கிட்டு வந்தேன். பக்கத்துல நம்ம அருப்புக்கோட்டைக்காரரு வேற, ஊரு தெரியுதா ஊரு தெரியுதான்னு கேட்டு உசுர வாங்கிட்டாரு.”

இந்த வேலைக்கு வந்து எத்தனையோ மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்... வாயெல்லாம் பல்லாகக் கேட்டது அன்றைக்குத்தான்.