நாற்காலிக்கு அடியில் ரெண்டு அங்குலம்

என் அண்ணனுக்கு வேலை செய்கிற இடத்தில் 'சுடுதண்ணி' என்று பெயர். எப்போது பார்த்தாலும் காலில் சுடுதண்ணியைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி நிற்பதால் வைத்தது. லிஃப்ட் மெக்கானிக். எங்கேயாவது லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர் கத்தி ஓய்வதற்குள் போய் நிற்பான். அந்த வேலைக்கு அது நல்ல குணம்தான். வீட்டில் சகிக்க முடியாது. அவன் சாப்பிடும் வேகத்தைப் பார்த்தால் எதிரில் இருப்பவருக்கு விக்கல் வரும். அண்ணி இதனால்தான் விட்டுப்போனாள் என்று நான் சொல்லமாட்டேன். வேறு காரணம் எதையும் யாரும் சொன்னதுமில்லை. அதற்குப் பிறகு அம்மாவும் அவனும் மட்டும்தான் அந்த வீட்டில்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, வலது கால் பாதி போயிற்று. பேச்சில் 'இல்ல' என்ற ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது. "பசிக்குதாம்மா?" என்றால் "இல்ல" என்பாள், தட்டை வைத்தால் சாப்பிடுவாள். ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து, ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பினார்கள்.

அந்த இல்லத்தில் கீழ்த்தளம், பயிற்சி முடித்து வீட்டுக்குத் திரும்பப் போகிறவர்களுக்கு. மேல்மாடி, திரும்பாதவர்களுக்கு. ஆறாவது வாரம் ஒரு சோதனை வைப்பார்கள். யாரும் தொடாமல் நாற்காலியிலிருந்து எழ வேண்டும், ஒரு கையால் பிடிக்கிற வாக்கரோடு பத்தடி நடக்க வேண்டும். அண்ணன் வேலைக்குப் போனபின் பகலெல்லாம் தனியாக இருக்கவேண்டியவள் அம்மா. அதனால் இது முடிந்தால் வீடு, முடியாவிட்டால் மேல்மாடி. அங்கே போகிற லிஃப்டை மாதாமாதம் சரிபார்ப்பதே அண்ணன்தான். எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று அவனிடம் கேட்கவே வேண்டாம், முகத்திலேயே இருக்கும்.

நான் பஸ் மாறி வருகிறவள், வாரத்துக்கு இரண்டு நாள்தான். ஆகவே குறை சொல்ல எனக்கு நிறைய நேரம் இருந்தது. அண்ணன் தினமும் வந்தான். வந்தால் உட்காரமாட்டான். ஆடுகிற கட்டிலுக்குத் திருகு முடுக்குவான், ஒழுகுகிற குழாயைக் கழற்றுவான், வராந்தாவில் இருபது தடவை நடப்பான். அம்மா இடது கையால் ஒரு பொத்தானைத் துளைக்குள் நுழைப்பதற்குள் மீதி நாலையும் இவன் போட்டுவிடுவான்.

"அவங்களே போடட்டும் சார்" என்பார் பிசியோதெரபி செய்கிற பெண்மணி. அவரை நாங்கள் பிசியோ என்போம்.

"போடட்டும் போடட்டும்" என்பான், கடைசிப் பொத்தானையும் போட்டபடி.

இரண்டாவது வாரம் அம்மாவால் நாற்காலியை விட்டு எழவே முடியவில்லை. மூன்றாவது வாரம் எழுந்துவிட்டாள்! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பிசியோ சந்தோஷமாகக் குறித்துக்கொண்டார். அண்ணன் மட்டும் அன்றைக்கு யாரையும் நேராகப் பார்க்கவில்லை. நான்தான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சோதனை நாளில் அம்மாவைப் பயிற்சி அறைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே வேறு நாற்காலி. அம்மா வழக்கம்போல் முன்னால் சாய்ந்து இடது கையை ஊன்றினாள். இடுப்பு கொஞ்சம் எழும்பித் திரும்பப் பொத்தென்று விழுந்தது. மூன்று தடவையும் அப்படியே.

"ரூம்ல நல்லா எழுந்தாங்களே?" என்று பிசியோ என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் அங்கே இல்லை.

ஐந்து நிமிடம் கழித்து மூச்சு வாங்க வந்தான். சட்டைப் பைகளிலிருந்து நாலு மரக்கட்டைகளை எடுத்து மேஜைமேல் வைத்தான். ஒவ்வொன்றும் ரெண்டு அங்குல உயரம். நாற்காலிக் கால் உட்கார அளவாகக் குழி, வழுக்காமலிருக்க அடியில் ரப்பர், நாற்காலிக் கலரிலேயே பெயிண்ட். லிஃப்ட் தரைக்குச் சமமாக நிற்கவில்லை என்றால் தகடு கொடுத்துச் சரிக்கட்டிப் பழகியவன், அம்மாவின் ரூம் நாற்காலிக்கும் அதையே செய்திருக்கிறான்.

"மேல அனுப்பிடுவீங்களோன்னு பயம் மேடம். ரெண்டு அங்குலம்தானேன்னு…"

பிசியோவுக்குக் கோபம் வந்தது. "உயரமா வெச்சு ஆரம்பிக்கிறது நாங்களும் செய்றதுதான் சார். ஆனா வாரா வாரம் குறைச்சுக்கிட்டே வருவோம். நீங்க சொல்லாததால நாலு வாரம் அதே உயரத்துல நின்னுபோச்சு. பாழாக்குனது யாரோட நாளு, உங்களோடதா?"

நானும் சும்மா இருக்கவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டு நின்றான், அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அம்மா இரண்டு நாள் அவன் பக்கம் திரும்பவேயில்லை. கட்டைகளை வைத்தபோது அவள் பார்த்திருக்க வேண்டும், தெரிந்தேதான் எழுந்திருக்கிறாள் என்று எனக்குச் சந்தேகம். இதுவரை கேட்கவில்லை.

பிசியோ மேலதிகாரிகளிடம் பேசி இன்னும் பதினைந்து நாள் வாங்கிக்கொடுத்தார். கூடவே இரண்டு நிபந்தனை. மூன்று நாளுக்கு ஒருமுறை கட்டைகளை அரை அங்குலம் அறுத்துக் கொண்டுவர வேண்டியது அண்ணன் பொறுப்பு. அம்மா எழும்போது அவன் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும், கையை உள்ளங்கை கீழே இருக்கும்படி தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு.

கட்டை அறுப்பது அவனுக்கு விளையாட்டு. உட்காருவதுதான் தண்டனை. அம்மா விழுந்து விழுந்து முயற்சி செய்வாள். அவன் முழங்கால் தையல் மெஷின்போல் ஆடும், நெற்றி வியர்க்கும், உதடு எதையோ எண்ணும். ஒருநாள் "என்னால முடியலடி" என்று வராந்தாவில் என் தோளில் சாய்ந்து அழுதான். சின்ன வயதிலும் அவன் அழுது நான் பார்த்ததில்லை.

பன்னிரண்டாம் நாள் கட்டையே இல்லாமல் முயன்றாள், முடியவில்லை. பதிமூன்றும் பதினாலும் அதே கதைதான்.

பதினைந்தாம் நாள் மறுபடி சோதனை. பயிற்சி அறையில் அதே நாற்காலி. முதல் தடவை இடுப்பு எழும்பவேயில்லை. இரண்டாவது தடவை பாதியில் சரிந்தாள். பிசியோ கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். எதிரில் அண்ணன், கை தொடைக்கு அடியில், பல்லைக் கடித்தபடி. அம்மா அவனைப் பார்த்துக்கொண்டே பாதத்தைப் பின்னால் இழுத்தாள். மூக்கு முழங்காலைத் தாண்டுகிற அளவுக்குக் குனிந்தாள். எழும்பினாள். பாதியில் நின்றாள். அந்தப் பாதியிலேயே வெகுநேரம் நின்றாள். அவன் தோள் முன்னால் வந்தது, ஆனால் கை வரவில்லை.

அம்மா நிமிர்ந்தாள். வாக்கரைப் பிடித்தாள். பத்தடி என்றார்கள், அதற்குமேல் இன்னும் ஓர் அடி வைத்து அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

பிசியோ கைதட்டினார். நான் ஓடினேன். அண்ணன் எழ முயன்று தொப்பென்று நாற்காலியிலேயே விழுந்தான். கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. திரும்ப முயன்றான், திரும்ப விழுந்தான். நான் தூக்கிவிடப் போனேன்.

அம்மா இடது கையை வாக்கரிலிருந்து எடுத்து எனக்குக் குறுக்கே நீட்டி மறித்தாள்.

"மெதுவா," என்றாள் அவனிடம். "நீயே."